பதினொன்று ஐந்துக்கு மூடப்பட்டது

பிப்ரவரி 3, திங்கள்

இன்று முதல் வீட்டில் நடப்பதை எல்லாம் உள்ளபடி எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். என் பெயர் வேல்மதி, ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு. நேற்றுவரை இந்த டைரியில் தனிமங்களின் குறியீடுகளைத்தான் எழுதி வந்தேன். இன்று அம்மா என்னைப் பொய் சொல்கிறவள் என்று சொல்லிவிட்டதால் இனிமேல் நிகழ்ச்சிகளை எழுதுவேன்.

நடந்தது இதுதான். மாலை 4.40க்குப் பள்ளியிலிருந்து வந்தேன். பூட்டைத் திறந்து, சீருடையை மாற்றிவிட்டு, லேப்டாப்பைத் திறந்தேன். திரை கறுப்பாக இருந்தது. காதை வைத்துக் கேட்டேன், உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கேப்ஸ் லாக் பட்டனை அமுக்கினால் பச்சை விளக்கு எரிகிறது, மறுபடி அமுக்கினால் அணைகிறது. ஆகவே லேப்டாப் உயிரோடு இருக்கிறது, திரை மட்டும்தான் வரவில்லை.

இது சங்கரி அக்காவின் பழைய லேப்டாப். அக்கா மதுரையில் இன்ஜினியரிங் படிக்கிறாள். விண்டோஸ் எழுந்திருக்கவே பத்து நிமிடம் எடுத்ததால் அதை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்பா ஆறரைக்கு டிபன் பையோடு வந்தார். திரையைப் பார்த்தார். "காலைல டப்புனு அடிச்சு மூடியிருப்ப" என்றார்.

"காலைல நான் தொடவே இல்லப்பா."

அப்பா கை கழுவப் போய்விட்டார். வெகுநேரம் கழுவினார்.

அம்மா ஜவுளிக்கடையிலிருந்து எட்டு மணிக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மூடுனா மூடுனேன்னு சொல்லிட்டுப் போயேன்டி. பொய்யி எதுக்கு? பகல்ல வீட்ல யாரு இருக்கா, பேயா வந்து மூடுச்சு?" என்றாள்.

இன்னொரு தடவை இப்படி ஆனால் லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாளாம். நான் மூடவில்லை என்று நிரூபித்தாக வேண்டும்.

இந்த டைரி அப்பா இயந்திரம் ஓட்டும் அச்சகத்தில் குறை என்று கழித்துப் போட்டது. என்ன குறை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

சோதனை 1. கறுப்புத் திரைமேல் டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தேன். உள்ளே எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. படம் வருகிறது, வெளிச்சம்தான் வரவில்லை.

சோதனை 2. பவர் பட்டனைப் பத்து எண்ணும்வரை அமுக்கிப் பிடித்தேன். முழுவதும் அணைந்தது. மறுபடி போட்டதும் திரை வந்தது.

அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அம்புட்டுத்தானா?" என்று கேட்டார்.

"அம்புட்டுத்தான்ப்பா. ஆனா சேமிக்காம விட்டதெல்லாம் போயிரும்."

"ஓ" என்றார்.

பிப்ரவரி 5, புதன்

சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்களை நகத்தை வைத்தே சொல்லிவிடலாம். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் மை நிற்கும். என்னுடன் படிக்கும் தெய்வானையின் அப்பாவுக்கு எப்போதும் நீலம். என் அப்பாவுக்குக் கறுப்பு. இன்று சாப்பிடும்போது பார்த்தேன், அப்பாவின் நகம் பத்தும் வெள்ளை.

"கை கழுவுறதுக்கு வேற ஏதாச்சும் குடுக்காங்களாப்பா?"

"ஆமா தாயி. புது சோப்பு."

நல்ல சோப்பு.

பிப்ரவரி 6, வியாழன்

மாலை வந்தபோது மறுபடியும் கறுப்பு. அம்மா வருவதற்குள் பட்டனை அமுக்கிச் சரிசெய்துவிட்டேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை, அதனால் பொய்யில் சேராது.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஏய் விஞ்ஞானி, அது பழைய வண்டிடி. மூடுனா தூங்கப் போகும். எழுப்புனா உடம்பு எந்திரிக்கும், சில நேரம் கண்ணு திறக்காது. லினக்ஸ்ல இது நிறையப் பேருக்கு வர்றதுதான்."

"சரி பண்ண முடியுமா?"

"தூங்கவே விடாத. மூடியத் தொட்டா என்ன செய்யணும்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சிருக்கும். அதுல 'இக்னோர்'னு மாத்திரு. மூடுனாலும் கண்டுக்காது, அது பாட்டுக்கு ஓடும்."

கோப்பு எங்கே இருக்கிறது, எந்த வரி என்பதையெல்லாம் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8, சனி

பள்ளி விடுமுறை. அப்பா எட்டரைக்கு டிபன் எடுத்துக்கொண்டு கிளம்பினார். சனிக்கிழமை ஓவர்டைமாம். அம்மா கடைக்குப் போனாள். கோப்பைத் திறந்து அக்கா சொன்ன வரியில் 'இக்னோர்' என்று எழுதினேன். அதற்குள் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே சரக் சரக் என்று செருப்புச் சத்தம். மாடியில் குடியிருக்கும் வீட்டு உரிமையாளர் பத்திரகாளி அத்தை. தண்ணீர் மோட்டார் சுவிட்ச் எங்கள் வாசல் சுவரில் இருக்கிறது. தினமும் பதினொரு மணிக்கு வந்து போடுவாள். போட்டுவிட்டு ஜன்னலில் முகத்தை ஒட்டி, இரண்டு கையையும் கண்ணுக்குக் குடை பிடித்து உள்ளே பார்ப்பாள்.

"யாரது உள்ள? மதியா? இப்ப சும்மா இருந்தா பரீட்சை யாரு எழுதுவா?"

"படிக்கேன் அத்தை."

சத்தம் கேட்டவுடனே லேப்டாப்பை மூடிவிட்டிருந்தேன். ஏன் மூடினேன் என்று யோசித்தேன். நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அந்தச் செருப்புச் சத்தத்துக்குக் கை தானாக மூடுகிறது. நேரம் 11.05.

திறந்தேன், கறுப்பு. நான் எழுதியது வேலை செய்யவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

தட்டைப் புழுக்களைப் பற்றிப் பாடம். மதியம் முட்டை. லேப்டாப் கறுப்பு.

பிப்ரவரி 11, செவ்வாய்

என் தவறைக் கண்டுபிடித்துவிட்டேன். அந்த வரியின் தலையில் # என்று ஒரு குறி இருக்கிறது. அந்தக் குறி இருந்தால் அந்த வரி சும்மா குறிப்பு என்று அர்த்தமாம். மனிதர்கள் படிக்கலாம், கணினி படிக்காது. அதை எடுக்காமலே எழுதியிருக்கிறேன். போனில் அக்கா என்னைக் கேலி செய்து முடிக்க நான்கு நிமிடம் ஆனது.

பிறகு அவளே சொன்னாள்: "மூடியத் திறந்தது, மூடுனது எல்லாத்தையும் நேரம் போட்டு லினக்ஸ் எழுதி வைக்கும். அந்தப் பதிவப் பாரு. மூடுறது அதுக்குத் தெரியுதா இல்லையானு முதல்ல தெரிஞ்சுக்க."

நேரம் போட்டு எழுதி வைக்கும்! அப்படியானால் நிரூபணம் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. நான் பள்ளியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் லேப்டாப் மூடப்பட்டது என்று காட்டினால் போதும். வருகைப் பதிவேடு எனக்குச் சாட்சி. நாளை பதிவை எடுத்து, தாளில் எழுதி, அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன்.

பிப்ரவரி 12, புதன்

பதிவை எடுத்தேன். உள்ளபடி எழுதுகிறேன்.

ஜனவரி 22. திறப்பு 10.12. மூடல் 11.06. திறப்பு 11.10. மூடல் 3.50.
ஜனவரி 23. திறப்பு 9.55. மூடல் 11.04. திறப்பு 11.09. மூடல் 3.48.
ஜனவரி 24. திறப்பு 10.02. மூடல் 11.05. திறப்பு 11.08. மூடல் 3.50.

நான் மூடிய 8ஆம் தேதியைத் தவிர, சனி, ஞாயிறுகளில் பகலில் ஒன்றும் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் இருக்கிறது. பிப்ரவரி 5ஆம் தேதியிலிருந்து சில நாட்களில் 11.10க்குப் பதிவு அறுந்து, 11.15க்குப் புதிதாகத் தொடங்குகிறது. யாரோ பட்டனைப் பத்து எண்ணும்வரை அமுக்கியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுச் சாவி மூன்று. ஒன்று என்னிடம், ஒன்று அம்மாவிடம்.

தாளில் எழுதியதை நான்காக மடித்து அட்லஸில், ஆஸ்திரேலியா பக்கத்தில் வைத்தேன். அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா கேட்டார். "தாயி, இந்த வீடியோல ஆளுகளோட பேசுறது இருக்குல்ல, அது லேப்டாப்புல வருமா?"

அப்பாவின் போனில் முன்பக்கக் கேமரா உடைந்து ஒரு வருடம் ஆகிறது.

"வரும்ப்பா. போன்ல இருந்து நெட் எடுத்துக்கலாம்."

"பேசிட்டிருக்கும்போது நடுவுல மூடிட்டா?"

"தூங்கிரும். இணைப்பு அறுந்துரும். திரும்பத் திறந்தா கறுப்பு."

"அறுந்தா, அந்தப் பக்கம் இருக்கவங்க என்ன நினைப்பாங்க?"

"மூஞ்சில அடிச்ச மாதிரி வச்சுட்டாருன்னு நினைப்பாங்க."

அப்பா சிரித்தார். "அச்சகத்துல ஒருத்தர் கேட்டாரு. அவருக்கு இருபதாம் தேதி, பதினோரு மணிக்கு ஏதோ பேச வேண்டியிருக்காம். அதான்."

"அவர்கிட்ட சொல்லுங்கப்பா, அதுக்குள்ள சரி பண்ணிரலாம்னு."

"உனக்கு எதுக்கு அந்தச் சிரமம்" என்று சொல்லிவிட்டு, அப்பா சுவர்க் காலண்டரை நேராக்கினார். அது நேராகத்தான் இருந்தது. இருபதாம் தேதியின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி இருக்கிறது.

லேப்டாப்பில் அப்பாவின் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் 'பயோடேட்டா 7' என்று இருக்கிறது. ஒன்று முதல் ஆறு வரை இல்லை. நான் திறந்து பார்க்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

டைரியின் குறை தெரிந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் பிப்ரவரி 17 என்று அச்சாகியிருக்கிறது. அடுத்த பக்கத்திலும் பிப்ரவரி 17. பதினெட்டாம் தேதியே கிடையாது.

அச்சடிக்கும்போது முதல் தாளை எடுத்து, எழுத்து, நிறம், தேதி எல்லாம் பார்த்து, இயந்திரம் ஓட்டுகிறவர் 'ஓகே' என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற தாள்கள் ஓடும். இதை எனக்குச் சொன்னதே அப்பாதான், நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது.

"அப்பா, இதுல பதினேழு ரெண்டு தடவை வருது. எல்லா டைரியிலயுமா?"

"எல்லாத்துலயும்தான். மொத்த லாட்டும் கழிவு."

"முதல் தாள்ல யாருப்பா கையெழுத்துப் போட்டது?"

அப்பா டைரியை வாங்கி இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் புரட்டினார். "யாரோ" என்றார். பிறகு, "கண்ணாடி மாத்தணும்னு அவனுக்கு ஆறு மாசமா சொல்லிட்டிருந்தாங்க" என்றார்.

பிப்ரவரி 17 (அச்சில் அப்படி, உண்மையில் 18, செவ்வாய்)

# குறியை எடுத்தேன். சேமித்தேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். மூடினேன், பத்து எண்ணினேன், திறந்தேன். திரை எரிந்துகொண்டிருந்தது. இருபது தடவை மூடித் திறந்தேன், இருபது தடவையும் எரிந்தது. பாட வீடியோ ஒன்றை ஓடவிட்டு மூடினேன். மூடிய பிறகும் உள்ளேயிருந்து ஆசிரியர் ஒளிச்சேர்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். மூடியின் இடுக்கில் தலைமயிர் அளவு வெளிச்சம்.

ஒரு தாளில் இப்படி எழுதி விசைப்பலகைக்குக் கீழே ஒட்டினேன்: 'இனி மூடினாலும் ஒன்றும் ஆகாது. பயப்படாமல் மறுபடி திறக்கலாம். பட்டனை அமுக்க வேண்டாம்.' யாருக்கு என்று எழுதவில்லை.

பிப்ரவரி 19, புதன்

தாளை நான் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தேன். மாலை வந்து பார்த்தபோது அது ஓரத்துக்கு ஓரம் நேராக ஒட்டப்பட்டிருந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று நிறைய நடந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

காலை 7.45. பத்திரகாளி அத்தை பதினொரு மணிக்கு இறங்கி வர வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது என்று நானே மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பியதும் நிறுத்துவதாகத் திட்டம். ஆனால் 8.20க்குத் தெய்வானை வந்து கூப்பிட்டாள், கிளம்பிவிட்டேன். நிறுத்தவில்லை. மூன்றாம் பாடவேளையில், ஆங்கிலக் கவிதையின் நடுவில்தான் ஞாபகம் வந்தது.

மாலை 4.40. பதிவைப் பார்த்தேன். திறப்பு 10.38. மூடல் 11.04. திறப்பு 11.06. மூடல் 11.47. பட்டன் அமுக்கப்படவில்லை.

மாலை 6.30. அப்பா டிபன் பையோடு வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். வேறு ஒன்றும் தெரியவில்லை.

இரவு 8.10. அம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பத்திரகாளி அத்தை வந்துவிட்டாள்.

"ராசாத்தி, காலைல எவ மோட்டாரப் போட்டது? மொட்ட மாடி பூரா தண்ணி. வத்தல் காயப் போட்டிருந்தேன், அது நீச்சலடிக்குது. கேக்கலாம்னு பதினோரு மணிக்கு எறங்கி வந்தா, உள்ள ஆம்பள சத்தம். உங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு லீவா?"

"இல்லையே மதினி. காலைலயே போயிட்டாகளே."

"பின்ன யாரு 'சார், சார்'னு பேசுனது? நானும் கதவ ரெண்டு தட்டு தட்டுனேன். கப்புனு அடங்கிப் போச்சு. திருடன்தான்னு பயந்து மாடிக்கு ஓடிட்டேன்."

"திருடன் எந்த ஊர்ல மதினி சார்னு கூப்பிடுறான்?" என்றாள் அம்மா. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். அப்பா தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

நான் சொன்னேன். "அத்தை, அது லேப்டாப்பு. நான்தான் பாடத்த ஓட விட்டுட்டு மூடி வச்சுட்டுப் போயிட்டேன்."

"மூடுனா நிக்காதாக்கும்?"

"நிக்காது. நான் அப்படி மாத்தி வச்சிருக்கேன். வேணும்னா பாருங்க."

ஒளிச்சேர்க்கையை ஓடவிட்டு மூடிக் காட்டினேன். மூடிய லேப்டாப் பேசியது. அத்தை குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"அப்ப நான் தட்டுனதும் எப்படிடி நின்னுச்சு?"

"அதோட பாடம் முடிஞ்சிருக்கும் அத்தை."

அத்தை வத்தலுக்காக இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டு மேலே போனாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் போற அவசரத்துல லேப்டாப்பு, மோட்டாரு, எல்லாத்தையும் போட்டுட்டுப் போறது. அப்ப அன்னிக்கு அடிச்சு மூடுனதும் நீதான?"

"ஆமாம்மா."

"இதத்தானடி அன்னிக்கே கேட்டேன்? இத்தன நாளு சாதிச்சியே!"

அம்மா லேப்டாப்பைச் சேலைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பரீட்சை முடிந்துதான் எடுப்பாளாம்.

அப்பா செம்பைக் கீழே வைத்தார். தண்ணீர் அப்படியே இருந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

உள்ளபடி எழுதுவேன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நேற்று நான் சொன்னதும் நடந்ததும் ஒன்று இல்லை. இரண்டையும் ஒரே டைரியில் எப்படி வைப்பது என்று இரண்டு பாடவேளை யோசித்தேன். கடைசியில் இப்படி எழுதுகிறேன்:

# லேப்டாப்பை மூடியது நான் இல்லை.

பிப்ரவரி 22, சனி

அப்பா ஓவர்டைம் போகவில்லை. காலையிலிருந்து வீட்டிலேயே இருந்தார். என் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டார். மொட்டை மாடிக்குப் போய் அத்தையின் வத்தலைப் பரப்பி வைத்துவிட்டு வந்தார். போன் சட்டைப்பையில் இருந்தது. மூன்று தடவை வெளியே எடுத்துப் பார்த்தார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்மாவுக்கு இன்று விடுமுறை. அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னைத் தாண்டிப் போய் அடுக்களை நிலையில் நின்றார்.

"ராசாத்தி, பீரோ சாவியக் குடு."

"எதுக்கு?"

"லேப்டாப்ப எடுத்து மதிட்ட குடுக்கணும்."

"பொய் சொன்னவளுக்கு நல்லாப் பரிஞ்சு வாங்க. பரீட்ச முடியட்டும்."

"அவ மூடல. நான்தான் மூடுனேன்."

"நீங்களா? நீங்க எப்ப மூடுனீக?"

"பதினோரு மணிக்கு."

"என்னிக்கு பதினோரு மணிக்கு?"

"தெனமும்."

குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதை நிறுத்தினாள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பத்து நகத்தையும் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

"எத்தன நாளா?"

"ஒரு மாசம் ஆச்சு."

"மதி" என்று கூப்பிட்டாள். "கடைல போயி புளி வாங்கிட்டு வா."

"புளி இருக்கும்மா. டப்பா நிறைய இருக்கு."

"போயி வாங்கிட்டு வாடி."

போனேன். அருகிலிருக்கும் கடையை விட்டுவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போனேன். திரும்பி வர நாற்பது நிமிடம் ஆனது. வந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கண் சிவந்திருந்தது. அப்பாவின் கண்ணும்தான், ஆனால் அவர் வெங்காயம் உரித்தார்.

"கோயமுத்தூர் அச்சகத்துக்குப் போயிட்டா அங்க யாரு சோறு போடுவா?" என்று அம்மா கேட்டாள்.

"அவங்க இன்னும் போனே பண்ணல ராசாத்தி."

"பண்ணுவாங்க. பண்ணலேன்னா வேற அச்சகமா இல்ல? மொதல்ல அந்தக் கண்ணாடிய மாத்துங்க."

பிறகு என்னிடமிருந்து புளியை வாங்கி, ஏற்கெனவே நிறைந்திருந்த டப்பாவுக்குள் திணித்தாள். மூடி சரியாக மூடவில்லை. "பொய்யே பேசமாட்டாளாம், பெரிய அரிச்சந்திரி" என்று சொல்லி, ஈரக் கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்கவில்லை.

லேப்டாப் மேசைக்கு வந்துவிட்டது. அப்பா அதைத் திறந்து வைத்துக்கொண்டு 'பயோடேட்டா 7'ஐ அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். இருபத்திரண்டு வருட அனுபவம் என்ற இடத்தில் அம்மா, "இருபத்து மூணு. கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு வருசம் ஓட்டுனீகல்ல" என்றாள். அப்பா திருத்தினார். நடுவில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பாவின் கை மூடியின்மேல் போனது. அங்கேயே நின்றது. மூடவில்லை.

வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்குப் போய் அந்த வரியின் தலையிலிருந்த # குறியை அடித்து நீக்கினேன்.

ஒன்பதரைக்கு அம்மா விளக்கை அணைத்தாள்.